கடற்கரைப் பிள்ளைகளுக்குக் காட்டு யானையைச் சொல்லித்தருவது எப்படி

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்துக்கு அருகே கடலோர ஊர் ஒன்றில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்து வருகிறேன். ஒருநாள் எல்லோரையும் யானை வரையச் சொன்னேன். அன்று வந்த படங்களை இன்னும் வைத்திருக்கிறேன்: நெற்றியில் பட்டை, கழுத்தில் மணி, காலில் சங்கிலி, பக்கத்தில் அங்குசத்தோடு பாகன், பின்னால் கோபுரம். மரம் வரைந்தவர்கள் இரண்டு பேர். இரண்டாவது யானையை வரைந்தவர் ஒருவரும் இல்லை. எங்கள் பிள்ளைகள் நேரில் கண்டது கோயில் யானையை மட்டுமே என்பதால், யானை என்றாலே தனியாக, மனிதரோடு, கல்தளத்தின் மேல் நிற்கும் உயிர் என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டது. பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்த கடலிலிருந்து தொடங்கி, காட்டில் வாழும் யானையிடம் அவர்களைக் கொண்டுசேர்க்க நான் கைக்கொள்ளும் முறையை, இதே கரையில் உள்ள பெற்றோரும் ஆசிரியர்களும் பயன்படுத்தும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

ஆவுளியாவிலிருந்து தொடங்குங்கள்

யானையின் நெருங்கிய உறவு எது என்று கேட்டால் பிள்ளைகள் காண்டாமிருகம் என்பார்கள், நீர்யானை என்பார்கள். நீர்யானை பெயரில்தான் யானை. பிறப்பால் அது திமிங்கிலத்துக்கே நெருக்கமானது. யானையின் உண்மையான உறவு நம் கடலில் கடல்புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. பாடநூல் கடல்பசு என்றும் நம் மீனவர்கள் ஆவுளியா என்றும் சொல்லும் அந்த உயிரும் யானையும் 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்த ஒரே மூதாதையின் வழியில் வந்தவை. ஒரு கிளை நிலத்திலும் மற்றொன்று நீரிலும் தங்கிவிட்டது.

இதை வெறும் செய்தியாகச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். உடலின் அடையாளங்களைக் காட்டிச் சொல்ல வேண்டும். என் சிறுவயதில் இறந்த ஆவுளியா ஒன்று கரை ஒதுங்கியபோது, என் தகப்பனார் அதன் முன்துடுப்பைத் தூக்கி, அக்குளில் இருந்த முலைக்காம்பைக் காட்டி, "இது மீன் இல்லையடா, பால் கொடுக்கிற சாதி" என்றார். விரல் நீளத்துக்கு, சாம்பல் நிறத்தில், சுருக்கங்களோடு இருந்த அந்தக் காம்பு என் நினைவிலிருந்து போகவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து முதுமலைச் சாலையோரத்தில் ஒரு யானைக் கன்று பால் குடிப்பதைப் பார்த்தபோது, அது பசுவிடம் போவதுபோலத் தாயின் பின்னங்கால் பக்கம் போகாமல், முன்னங்கால்களுக்கு இடையே தலையை நுழைத்ததைக் கண்டு, கரையில் கிடந்த ஆவுளியாதான் நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் முலைகள் இரண்டே, அவையும் மார்புப் பக்கத்தில்தான். கன்று தும்பிக்கையை ஒரு பக்கம் மடக்கிக்கொண்டு வாயால் குடிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனெனில் தும்பிக்கையால் குடிப்பதாகவே பல பெரியவர்களும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தந்தம் அடுத்த அடையாளம். யானையின் தந்தம் கொம்பு அல்ல, மேல் தாடையின் வெட்டுப்பல். வயது வந்த ஆண் ஆவுளியாவுக்கும் அதே பல் நீண்டு சிறிய தந்தமாக வெளியே தெரியும். இரண்டுக்கும் தோல் தடிமனானது, அதில் மயிர் அரிதாக நிற்கும். இரண்டும் தாவரம் மட்டுமே உண்பவை. ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரே கன்று, அடுத்த ஈற்றுக்குப் பல ஆண்டு இடைவெளி. ஆவுளியாவும் 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது என்று சொல்லும்போது பிள்ளைகள் வியப்போடு பார்ப்பார்கள். மெதுவாகப் பெருகும் உயிர்களை வேகமாகக் கொன்றால் என்ன ஆகும் என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை, ஆவுளியா இரண்டுமே மிகுந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் வைக்கப்பட்டிருப்பதற்கும், 2022இல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையையொட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பு நாட்டின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டதற்கும் காரணம் அதில் அடங்கியிருக்கிறது.

மணலில் ஓர் அடித்தடம்

யானையின் அளவை எண்ணால் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்காது, மணலில் வரைந்தால் விளங்கும். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் ஈரமணலுக்கு அழைத்துச்சென்று, 1.25 மீட்டர் நீளமுள்ள கயிற்றை முனையோடு முனை சேர்த்து வட்டமாகக் கிடத்துங்கள். இதுதான் வளர்ந்த யானை ஒன்றின் முன்னங்கால் தடம். அந்தச் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய யானையின் தோள் உயரம் கிடைத்துவிடும். காட்டில் யானையைப் பாராமலேயே அதன் உயரத்தை மதிப்பிட வனப்பணியாளர்கள் இதே கணக்கைக் கையாளுகிறார்கள். கயிற்றை இருமடங்காக அளந்து, 2.5 மீட்டர் உயரத்தில் பக்கத்துப் பனைமரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் மாறிமாறி அந்தக் கோட்டின் கீழ் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். பெரிய ஆண் யானை 3 மீட்டரையும் தொடும், எடை 4 முதல் 5 டன் வரை இருக்கும். பிறந்த கன்றுக்கு 100 கிலோ. இரண்டு சிமெண்ட் மூட்டை என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

முன்னங்கால் தடம் வட்டமாகவும் பின்னங்கால் தடம் சற்று நீண்டும் இருக்கும் என்பதையும் வரைந்து காட்டலாம். இவ்வளவு எடையுள்ள விலங்கு அருகே வந்து நிற்கும்வரை காலடி ஓசை கேட்பதில்லை. குதிகால் எலும்புகளுக்குக் கீழே கொழுப்பும் நாரும் கலந்த தடித்த மெத்தை ஒன்று இருப்பதால், எடை பரவி, கால் மெதுவாக மண்ணில் பதிகிறது.

ஊற்றுத் தோண்டும் உயிர்

எங்கள் ஊர்ப் பெண்கள் மணலில் குழி தோண்டி, ஊறும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் நிரப்புவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, கோடையில் யானை செய்வதை விளக்க ஒரு வாக்கியம் போதும்: காட்டாறு வறண்டுவிட்டால் யானையும் ஆற்றுமணலைக் காலாலும் தும்பிக்கையாலும் தோண்டி, குழியில் தண்ணீர் ஊறும்வரை காத்திருந்து குடிக்கிறது. அது குடித்துவிட்டுப் போன குழியில் மான் முதலிய பிற உயிர்களும் நீர் அருந்தும்.

தும்பிக்கையைப் பற்றி நேரம் எடுத்துச் சொல்லுங்கள். அது மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்ட உறுப்பு. அதில் எலும்பே கிடையாது, முழுக்கத் தசை. தண்ணீரைத் தும்பிக்கைக்குள் உறிஞ்சி, பிறகு வாய்க்குள் பீய்ச்சிக் குடிக்கிறதே தவிர, மூக்கால் விழுங்குவதில்லை. ஆசிய யானையின் தும்பிக்கை நுனியில் விரல்போன்ற ஒரு மடலும் ஆப்பிரிக்க யானைக்கு இரண்டும் உள்ளன. பிறந்த கன்றுக்குத் தும்பிக்கையை என்ன செய்வதென்றே தெரியாது. அது காலில் மிதிபடும், வாயில் போட்டுச் சப்பும், நீர் குடிக்க மண்டியிட்டு வாயையே கொண்டுபோகும். அதைக் கையாளப் பழகுவதற்கு மாதங்கள் ஆகின்றன. துடுப்புப் போடப் பழகும் சிறுவர்களோடு இதை ஒப்பிட்டுச் சொன்னால் வகுப்பு முழுவதும் சிரித்துக்கொண்டே கேட்கும்.

ஒரு யானை நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் நீர் குடிக்கும், 150 கிலோ அளவுக்குப் புல்லும் தழையும் பட்டையும் தின்னும். தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை என்பதால் நாளின் பெரும்பகுதி மேய்ச்சலிலேயே கழிகிறது. செரிக்காத விதைகள் சாணத்தோடு பல கிலோமீட்டர் தொலைவில் விழுந்து முளைக்கின்றன. கடைவாய்ப் பற்கள் வாழ்நாளில் ஆறு தொகுதிகளாக அடுத்தடுத்து வரும். புதிய பல் கீழிருந்து முளைக்காமல் பின்னாலிருந்து முன்னோக்கி நகர்ந்து வந்து, தேய்ந்ததைத் தள்ளிவிடும். ஆறாவது பல்லும் தேய்ந்த முதிய யானை, மென்மையான புல் கிடைக்கும் நீர்நிலைகளின் ஓரத்திலேயே தங்கி, மெல்ல முடியாமல் மெலிந்து இறக்கும். 60 ஆண்டுகளைக் கடந்த யானையின் முடிவு பலவேளை இப்படித்தான் அமைகிறது.

மூத்த பிடியும் கூட்டமும்

எங்கள் பிள்ளைகளின் படங்களில் இல்லாமற்போனது இந்தப் பகுதிதான் என்பதால், என் பாடத்தில் இதற்கே அதிக நேரம் தருகிறேன். பெண் யானையைப் பிடி என்றும் ஆண் யானையைக் களிறு என்றும் பழந்தமிழ் பிரித்துச் சொல்கிறது; அந்தச் சொற்களையே பிள்ளைகளுக்குக் கொடுங்கள். யானைக் கூட்டம் என்பது பிடிகளின் குடும்பம். பாட்டி, அவளுடைய பெண்கள், பேத்திகள், சிறு கன்றுகள் என்று சேர்ந்து நடக்கும் அந்தக் குடும்பத்தை வயதில் மூத்த பிடி நடத்துகிறது. எந்த ஓடையில் கடைசிவரை நீர் இருக்கும், எந்தப் பள்ளத்தாக்கில் எப்போது புல் துளிர்க்கும், எந்த வழியில் ஆபத்து உண்டு என்பதெல்லாம் அதன் நினைவில் இருக்கின்றன. கடலடியில் பாரும் (பாறைத்திட்டும்) சேறும் எங்கே கிடக்கின்றன, எந்த மாதம் எந்த இடத்தில் மீன் படும் என்பதை அறிந்த முதிய மீனவர் ஒருவர் இல்லாமற்போனால் ஒரு வீடு எதை இழக்குமோ, மூத்த பிடி இறந்தால் கூட்டம் அதை இழக்கிறது.

பிடி 20 முதல் 22 மாதம் கன்றைச் சுமக்கிறது. பிறந்த கன்று ஓரிரு மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடும். அதன்பின் அதை வளர்ப்பது தாய் மட்டும் அல்ல. அக்கா, சித்தி, பெரியம்மா முறையுள்ள பிடிகள் கன்றைச் சுற்றி நின்று வெயில் மறைக்கும், சரிவில் ஏற முடியாமல் திணறினால் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்கும், ஆபத்து என்றால் வட்டமாக நெருங்கி நடுவில் வைத்துக்கொள்ளும். ஆண் கன்றுகள் 10 முதல் 15 வயதுக்குள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாகவோ, பிற களிறுகளோடு தளர்வான குழுவாகவோ திரிகின்றன. ஆகவே, தனியே நிற்கும் களிறு கூட்டத்தால் துரத்தப்பட்டது என்றோ வெறிபிடித்தது என்றோ கொள்ள வேண்டியதில்லை.

மதம் என்ற சொல்லையும் இங்கே திருத்திவிட வேண்டும். அது பைத்தியம் அல்ல, நோயும் அல்ல. வளர்ந்த களிறுகளுக்கு ஆண்டில் சில வாரங்கள் உடலில் ஆண்மைச் சுரப்பு பன்மடங்கு பெருகி, கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள சுரப்பியிலிருந்து மதநீர் கன்னத்தில் வழியும் இயல்பான பருவம் அது. அந்த நாட்களில் களிறு துணை தேடி நெடுந்தூரம் நடக்கும், எளிதில் சினமும் கொள்ளும். விலகி நிற்பதே சரி. இந்தியாவில் தந்தம் நீண்டு வளர்வது களிறுகளுக்கு மட்டுமே, அவற்றிலும் தந்தமே இல்லாத மக்னாக்கள் உண்டு. தந்தத்துக்காகக் களிறுகள் மட்டும் கொல்லப்பட்டதால் பல காடுகளில் அவற்றின் எண்ணிக்கை பிடிகளைவிடப் பெரிதும் குறைந்துபோயிற்று. இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற பழமொழியைப் பிள்ளைகள் ஒப்பித்தால், அந்தப் பொன் யார் கைக்குப் போயிற்று என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்து தானாக வளரும்.

யானைகள் பேசிக்கொள்வதை விளக்க விசைப்படகின் இஞ்சின் உதவும். தூரத்தில் இஞ்சின் ஓடும்போது காதில் விழுவதற்கு முன்பே பலகையில் வைத்த உள்ளங்காலில் அதிர்வு தெரிவதை மீனவப் பிள்ளைகள் அறிவார்கள். மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைக் கேட்பதில்லை. யானைகளோ அதற்கும் கீழான ஒலியில் பல கிலோமீட்டர் தொலைவுக்குச் செய்தி அனுப்புகின்றன, மண்ணில் பரவும் அதிர்வைக் காலால் உணர்கின்றன. நம் காதுக்கு எட்டாத அந்த ஒலியை முதலில் கண்டறிந்தவர், அதற்கு முன் திமிங்கிலப் பாட்டை ஆராய்ந்துகொண்டிருந்த கேட்டி பெய்ன் என்ற பெண்மணி. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர விலங்குக்காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காதில் ஒன்றும் விழாமலே காற்றில் ஓர் அதிர்வு இருப்பதை உணர்ந்து, ஒலியைப் பதிவுசெய்து சோதித்தார். கடலின் ஒலிக்குப் பழகிய ஒருவருக்கே அது பிடிபட்டது என்பதை எங்கள் பிள்ளைகளிடம் நான் ஒருபோதும் சொல்லாமல் விடுவதில்லை.

நீச்சலைப் பற்றியும் சொல்லுங்கள். உடல் முழுவதும் அமிழ்ந்தாலும் தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டி மூச்சுவிட்டபடி யானை நெடுநேரம் நீந்தும். 2017 ஜூலையில், நமக்கு எதிர்க்கரையான இலங்கையின் வடகிழக்கில், கரையிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி அடித்துச்செல்லப்பட்ட யானை ஒன்றை அந்நாட்டுக் கடற்படையினர் கயிறு கட்டிப் பல மணி நேரம் போராடிக் கரைசேர்த்தார்கள்.

வழித்தடத்தை விளக்குவது

யானை ஏன் ஊருக்குள் வருகிறது என்ற கேள்வி நிச்சயம் எழும். படகை இழுத்துக் கரையேற்றும் பாதையில் யாரோ ஒருவர் ஒரே இரவில் சுவர் எழுப்பிவிட்டால் மறுநாள் காலை என்ன நடக்கும் என்று பிள்ளைகளிடம் திருப்பிக் கேளுங்கள். சிலர் சுவரைச் சுற்றுவோம் என்பார்கள், சிலர் இடிப்போம் என்பார்கள். யானைக் குடும்பம் ஒன்றுக்குப் பல நூறு சதுர கிலோமீட்டர் காடு தேவைப்படுகிறது, ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குப் போகும் வலசைப் பாதையோ தலைமுறைகளாக ஒன்றே. தேயிலைத் தோட்டம், தொடர்வண்டிப் பாதை, விடுதி, மின்வேலி என்று அதன் குறுக்கே வந்தவைதான் புதியவை. 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 29,964 யானைகள் மதிப்பிடப்பட்டன, தமிழ்நாட்டில் 2023இல் 2,961. உயிரிழந்த உழவர்களின் வீடுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; யானைமேல் அன்பு வளர்ப்பதற்காக அந்தத் துயரத்தைச் சிறிதாக்குவது தவறு. வால்பாறையில் யானை அருகில் இருப்பதைக் குறுஞ்செய்தியாலும் கைபேசியால் இயங்கும் சிவப்பு விளக்குகளாலும் தோட்டத் தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறார்கள் என்று சொன்னால், பாம்பனில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதன் பயன் உடனே விளங்கிவிடும்.

கோயில் யானையின் முன்னும், காட்டின் ஓரத்திலும்

இவ்வளவும் கேட்டபின் பிள்ளைகளைக் கோயில் யானையிடம் மறுபடி அழைத்துச்செல்லுங்கள். இம்முறை ஆசி வாங்குவதற்கு முன் சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்: நகங்கள் எத்தனை, தும்பிக்கை நுனியில் மடல் எத்தனை, காதை விசிறும்போது அதன் பின்புறத்தில் புடைத்துத் தெரியும் நரம்புகள் எப்படி ஓடுகின்றன. அந்த நரம்புகளின் வழியே ஓடும் இரத்தம் காற்றுப்பட்டுக் குளிர்வதால்தான் வியர்வை மிகக் குறைவாக உள்ள அந்தப் பேருடல் வெயிலைத் தாங்குகிறது. பாகனின் அனுமதியில்லாமல் எதையும் ஊட்டக் கூடாது. "இதற்கு அம்மா இல்லையா சார்?" என்று ஒரு பெண்பிள்ளை அங்கே என்னைக் கேட்டாள். இருந்தாள், பிரித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிள்ளைகளிடம் இந்த இடத்தில் பொய் சொல்லத் தேவையில்லை.

காட்டு யானையைக் காட்ட விரும்புவோர் முதுமலை போன்ற இடங்களில் வனத்துறை வாகனத்தில் மட்டுமே செல்ல வேண்டும். நமக்கு அருகில் யானைகள் வாழும் காடு விருதுநகர், தேனி மாவட்டங்களில் விரியும் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் பகுதிதான் என்றாலும், அங்கே அனுமதியின்றிக் கால்நடையாக நுழைவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. காது மெல்ல அசைந்துகொண்டிருந்தால் யானை நிம்மதியாக இருக்கிறது. அசைவு நின்று காது விறைத்து விரிந்தால், தலையை உயர்த்தித் தும்பிக்கையால் காற்றை மோந்தால், நம் இருப்பு அதற்குத் தெரிந்துவிட்டது. கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் முகத்தில் படும்போதே பிரித்தறியும் நம் பிள்ளைகளுக்கு, யானை காற்றில் வாசம் பிடிப்பதைத் தனியே விளக்க வேண்டியிருக்காது. தாய்க்கும் கன்றுக்கும் இடையே வண்டி நுழையக் கூடாது. ஒலிப்பான், மின்னொளிப் படம், கூச்சல், தீனி ஆகிய நான்கும் கூடவே கூடாது.

அவ்வளவு தூரம் போக முடியாத வீடுகளுக்கு ஒரு வழி இருக்கிறது. மழைக்காலத்தில் வைகை நீர் இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்துசேரும் நாட்களில், பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச்சென்று அந்த நீர் புறப்பட்ட இடத்தைச் சொல்லுங்கள். வைகை வருசநாட்டு மலைகளில் பிறக்கிறது. வைகை அணைக்கு வரும் நீரில் ஒரு பங்கு, 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வருகிறது. அந்த அணையால் உண்டான தேக்கடி ஏரிக்கு யானைக் கூட்டங்கள் நீர் குடிக்க இறங்கும், சில வேளை கன்றுகளோடு அக்கரைக்கு நீந்தியும் கடக்கும். கண்மாய்க் கரையில் நின்று நான் இதைச் சொல்லி முடித்த அன்று, முன்பு தனி யானையை வரைந்த சிறுவன் ஒருவன் குனிந்து, இரண்டு கைகளாலும் தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்த்தான்.